இங்கே இந்தக் கடை இருக்கிறதா?

திங்கட்கிழமை காலையில் குணசுந்தரிக்கு இரண்டு கடை திறக்க வேண்டும். முதலில் தெலுக் இந்தான் பட்டணத்தில், டயர் கடை ஆ ஹோக்கின் பக்கத்து வாசலில் இருக்கிற வண்டி ஏர்கான் பட்டறை. இரும்புக் கதவைத் தோளால் முட்டி மேலே தள்ளி, சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவாள். வீட்டுக்காரர் தெய்வீகனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்காரவைத்து, பால் விடாத ஒரு குவளை கோப்பி ஓவும் நாலு பிஸ்கட்டும் பக்கத்தில் வைப்பாள். அதற்குப் பிறகுதான் இரண்டாவது கடை. அது கைப்பேசிக்குள் இருக்கிறது.

வரைபடத்தில் ஒன்று, மற்ற விலாசப் பட்டியல்களில் நான்கு, ஆக ஐந்து இடத்தில் பட்டறையின் பெயர் இருந்தது. ஐந்தும் இலவசம். ஐந்திலும் பெயர், தொலைபேசி எண், திறக்கிற நேரம் எல்லாம் ஓர் எழுத்து மாறாமல் ஒன்றுபோல இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேடுகிறவனுக்குக் கடை கண்ணில் படாது. ஹரி ராயாப் பெருநாளுக்கு இத்தனை நாள் விடுமுறை, தைப்பூசத்துக்கு இத்தனை நாள் என்று முன்கூட்டியே போட்டுவைப்பாள். வாரம் ஒரு புதுப்படம் ஏற்றுவாள். யாராவது நல்லதோ கெட்டதோ எழுதிவிட்டுப் போனால் ஒரு நாளைக்குள் பதில் எழுதுவாள். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் என்று யாரும் சொல்ல முடியாது. காசு வாங்கிக்கொண்டு இதைச் செய்கிறவர்கள் இவளிடம் வந்து பாடம் கேட்கலாம். அவர்களோ இவளிடமே வந்து காசு கேட்டார்கள்.

"ஹலோ, ஏர்கான் பட்டறை முதலாளியம்மாங்களா? உங்க கடை மேப்புல இருந்து காணாமப் போகப்போவுது மேடம். வருஷக் கட்டணம் கட்டிட்டா நாங்க பாத்துக்குவோம்."

"காணாமப் போவும்னு உனக்கு எப்படித் தம்பி தெரியும்? நீதான் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கியா?"

"இல்ல மேடம், எங்க சிஸ்டத்துல காட்டுது."

"என் சிஸ்டத்துல உன் நம்பரு திருட்டு நம்பருன்னு காட்டுது. வை லா போன."

நாற்காலியில் தெய்வீகன் சிரிப்பார். உடம்புக்கு வந்த பிறகு அவருடைய சிரிப்புக்கும் பேச்சுக்கும் சத்தம் குறைந்துவிட்டது. பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும்.

அவருக்கு உடம்புக்கு வந்தது போன வருடம். ஒரு வேனின் கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பெரியாஸ்பத்திரியில் பதினொரு நாள். உயிர் திரும்பியது, காலும் ஒரு மாதிரி திரும்பியது, வலது கை மட்டும் திரும்பவில்லை. உள்ளங்கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, நாளைக்கு முந்நூறு தடவை அமுக்கச் சொன்னார்கள். அமுக்க அமுக்கக் கை வந்துவிடும், விட்டால் விட்டதுதான் என்று பயிற்சி கொடுத்த மலாய்க்காரப் பெண் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினாள். குணசுந்தரி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். கேஸ் ஏற்றவும், கூலிங் காயிலைக் கழற்றிக் கழுவவும் கற்றுக்கொண்டாள். ஆனால் தெய்வீகன் பேனட்டைத் திறக்காமலே சத்தத்தை வைத்து நோயைச் சொல்வார். அந்தக் காது இருந்ததால் வண்டிகள் வந்துகொண்டிருந்தன. அவர் காதும் இவள் கையுமாக எப்படியோ ஓடியது.

பிறகு வண்டி வருவது நின்றுபோனது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட சமயம். மழையினால்தான் என்று முதல் வாரம் நினைத்தாள். மூன்றாவது வாரம், அரிசிமாவுச் சுருளான சீ சோங் ஃபான் ஒரு பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஆ ஹோக் வந்தார். அறுபத்தைந்து வயது, தமிழர்களுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த சீனர்.

"தங்கச்சி, நீ எப்ப கடை மாத்துன?"

"யாரு மாத்துனா? கண்ணு தெரியலையா? உங்க மூஞ்சிக்கு நேராத்தான இருக்கேன்."

"இங்க இருக்க லா. போன்ல இல்ல. இங்க பாரு, மேப்புல உன் கடை செம்பனைக்குள்ள இருக்கு. ஆந்தைக்கா ஏர்கான் போடுற?"

வாங்கிப் பார்த்தாள். பட்டறையின் பெயர், அவர்களுடைய எண், அவள் போட்ட படம் எல்லாம் சரி. சிவப்புப் புள்ளி மட்டும் பட்டணத்தைத் தாண்டி, லங்காப் சாலையைத் தாண்டி, பச்சைக்கு நடுவே ஒற்றையாக நின்றது. கார்ட்மோர் தோட்டம், பாமாயில் எடுக்கிற செம்பனைக் காடு.

யார் செய்த தப்பு என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவள் செய்ததுதான். வியாபாரப் பதிவைப் புதுப்பிக்கப் போனபோது தெய்வீகனின் அடையாள அட்டையைக் கொடுத்தாள். கவுண்டரில் இருந்தவன் அதிலிருந்த விலாசத்தை அப்படியே பார்த்து அடித்துவிட்டான். கார்ட்மோர் தோட்டம், மூன்றாவது லயம், வீட்டு எண் பதினான்கு. தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த அந்த லயத்தை இடித்துத் தள்ளி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. வெளியேற்றியபோது, எல்லாருக்கும் ஆளுக்கொரு வீடு கிடைக்கும், அதற்குப் போட்ட வழக்கு முடிகிற வரைக்கும் ஒருத்தரும் அடையாள அட்டையில் விலாசத்தை மாற்றக் கூடாது, மாற்றினால் பட்டியலிலிருந்து பேர் போய்விடும் என்று தொழிற்சங்கத்துக்காரர் சொல்லிவிட்டுப் போனார். வழக்கு முடியவில்லை, சங்கத்துக்காரர் முடிந்துபோனார். ஆனாலும் அந்தத் தோட்டத்து ஆட்கள் முக்கால்வாசிப் பேரின் அட்டையில் இன்றைக்கும் அந்த விலாசம்தான். சட்டப்படி பார்த்தால் செம்பனை மரத்துக்கு அடியில் நூறு குடும்பம் வாழ்கிறது.

பதிவில் ஏறிய விலாசத்தை ஒரு பட்டியல் எடுத்தது. அதைப் பார்த்து இன்னொன்று காப்பியடித்தது. அதைப் பார்த்து வரைபடமும் புள்ளியை நகர்த்திவிட்டது. குணசுந்தரி ஒன்றைத் திருத்தினால் மறுநாள் மற்றொன்று அதைப் பழையபடி மாற்றியது. திருத்தித் திருத்தி அவளுக்கு விரல் வலித்தது. ரெண்டு வாரத்தில் சரியாகிவிடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புள்ளி நகர்ந்த பிறகு முதல் விமர்சனம் அந்த வாரம்தான் வந்தது. ரஹ்மாட் என்று ஒருவர், ஐந்து நட்சத்திரம். "மழையில் வண்டி நின்றுவிட்டது. இந்தப் பட்டறை பக்கத்தில் காட்டியது. அண்ணன் பத்து நிமிடத்தில் சரிசெய்தார். சீழ்க்கை அடித்துக்கொண்டே வேலை பார்க்கிறார். கூலி கொடுத்தேன், வாங்கவில்லை."

வேறு கடையை நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. வழக்கம்போல மரியாதையாகப் பதில் போட்டாள்: எங்கள் பட்டறை பட்டணத்தில் உள்ளது, நீங்கள் வேறு யாரையோ சொல்கிறீர்கள். மறுநாள் அந்த ரஹ்மாட் தன் விமர்சனத்தில் ஒரு படத்தைச் சேர்த்திருந்தார். 'இவர்தானே?' என்று கீழே ஒரு வரி.

படத்தில் முகம் இல்லை. திறந்த பேனட், பின்னால் சொட்டச் சொட்ட நனைந்த செம்பனை மட்டைகள், நடுவில் ஒரு வலது கை ஸ்பேனரை இறுக்கிப் பிடித்திருந்தது. கட்டைவிரலுக்குக் கீழே, ரேடியேட்டர் மூடி தெறித்துச் சுட்ட தழும்பு. அந்தத் தழும்புக்கு மூன்று வாரம் மருந்து போட்டவள் அவள். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். நாற்காலியில் தெய்வீகன் தூங்கிக்கொண்டிருந்தார். அதே கை மடியில் கிடந்தது, விரல்கள் உள்பக்கம் மடங்கி.

அவரிடம் காட்டவேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆ ஹோக் காட்டிவிட்டார்.

தெய்வீகன் வெகுநேரம் பார்த்தார். இடது கை விரலால் படத்தைப் பெரிதாக்கினார், சின்னதாக்கினார்.

"என் கைதான்," என்றார்.

"பழைய படமா இருக்கும். எவனோ எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்கான்."

"இல்ல லா. நகத்தப் பாரு. போன வாரம் நீ வெட்டிவிட்டது. சுண்டுவிரல்ல கொஞ்சம் உள்ள வெட்டிட்டியே, ரத்தம் வந்துச்சே. அதுகூட இருக்கு."

அவள் பார்த்தாள். இருந்தது. 

அதற்குப் பிறகு வாரத்துக்கு நாலு, ஐந்து விமர்சனம் வந்தது. எல்லாம் ஐந்து நட்சத்திரம். நல்ல மனுசன், சுத்தமான வேலை, தண்ணீர் கொடுத்தார், லோரிக்குக்கூட பார்க்கிறார். பட்டணத்துப் பட்டறையில் ஒரு வண்டி நுழையவில்லை. குணசுந்தரி தரையைப் பெருக்கினாள், பெருக்கின தரையையே திரும்பவும் பெருக்கினாள். மதியத்துக்குச் சோறு, பருப்பு, நெத்திலிச் சம்பல் என்று தூக்கில் கொண்டுவந்தது பாதி அப்படியே திரும்பிப் போனது. கடையை வாடகைக்கு விட்டிருந்த சீனர் வாடகையைப் பற்றி இன்னும் வாய் திறக்கவில்லை, ஆனால் வாசலில் வந்து நின்று போக ஆரம்பித்திருந்தார்.

தெய்வீகன் மட்டும் உற்சாகமாக இருந்தார். காலையில் நாற்காலியில் உட்கார்ந்ததும் முதல் கேள்வியே அதுதான்.

"நேத்து எத்தன வண்டி?"

"ரெண்டு. ஒரு சின்ன காடி, ஒரு லோரி."

"லோரியா? லோரியெல்லாம் நான் விட்டு பத்து வருஷமாச்சே." கொஞ்சம் யோசித்தார். "பரவால்ல, செய்யிறான்."

'செய்யிறான்' என்று அவர் சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை. சொந்தத் தம்பி தொழிலில் முன்னுக்கு வந்துவிட்டதுபோல ஒரு பெருமை அந்தக் குரலில் இருந்தது. ரப்பர் பந்து மேசைக்கு அடியில் உருண்டு தூசு பிடித்துக் கிடந்தது. குனிந்து எடுத்து, துடைத்து, அவர் கையில் வைத்தாள்.

"அமுக்குங்க. நாலு நாளா நீங்க அமுக்கவே இல்ல."

"எதுக்கு குணா? அதான் அங்க கை நல்லா இருக்கே."

அவளுக்கு அப்போது வந்த கோபத்தில் தூக்குச்சட்டி பறந்து போய்ச் சுவரில் மோதியது.

"அங்க இருந்தா எனக்கு என்னாங்க? அங்க இருக்கிற கையா எனக்குத் தண்ணி மோந்து தரும்? ஒரு வருஷமா குளிப்பாட்டி, ஊட்டி, முட்டியப் பிடிச்சுவிட்டு, இந்தக் கை வந்துடும், இந்தக் கை வந்துடும்னு நான் மாரியம்மன் கோயில்ல நடக்காத நடையா? நீங்க என்னடான்னா எவனோ செய்யிற வேலைக்கு இங்க உக்காந்துகிட்டு சிரிக்கிறீங்க!"

"எவனோ இல்ல லா."

"எவனா இருந்தாலும் சரி. புள்ளிய நான் இங்க கொண்டாந்துடுவேன்."

"விடு லா. அங்க நல்லாத்தான ஓடுது," என்றார் தெய்வீகன், கெஞ்சுகிற மாதிரி. கெஞ்சுகிற ஆள் இல்லை அவர். அதுதான் அவளை உலுக்கியது. கடை போனால் வேறு கடை. பத்து வீட்டில் பாத்திரம் கழுவிக்கூடப் பிழைத்துக்கொள்ளலாம். இந்த மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார். முழுக்கப் போய்விட்டால் எந்த ஆஸ்பத்திரியில் போய்க் கேட்பது?

புள்ளியை மாற்றுவதற்கு வரைபடத்துக்காரன் வீடியோ கேட்டான். நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுக்க வேண்டும். தெரு, பெயர்ப்பலகை, உள்ளே சாமான்கள், கடையை நடத்துகிறவர், எல்லாம் தெரிய வேண்டும். வெயில் அடித்த ஒரு மத்தியானத்தில் எடுத்தாள். தெருமுனையிலிருந்து நடந்து, ஆ ஹோக்கின் டயர் அடுக்கைக் காட்டி, பலகையைக் காட்டி, உள்ளே நுழைந்து ஸ்பேனர் வரிசையைக் காட்டி, கடைசியில் தெய்வீகனிடம் வந்து நின்றாள். அவர் கேமராவைப் பார்த்து இடது கையை ஆட்டினார்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஏற்கவில்லை. காரணம்: உரிமையாளர் வீடியோவில் காணப்படவில்லை.

"குருட்டுப் பயலுங்களா," என்று திட்டிக்கொண்டே அனுப்பிய வீடியோவைப் போட்டுப் பார்த்தாள். தெரு, டயர், பலகை, ஸ்பேனர். பிறகு நாற்காலி. நாற்காலியில் ஒருவரும் இல்லை. கைப்பிடியில் தொங்கிய துண்டும், பக்கத்தில் பாதி குடித்த கோப்பியும் தெரிந்தன. அவளுடைய குரல் மட்டும் "சிரிங்க, சிரிங்க" என்று அந்த வெற்று நாற்காலியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தது. வெயிலில் எடுத்த வீடியோவில் மழைச் சத்தம் வேறு கேட்டது.

தலையை நிமிர்த்தினாள். தெய்வீகன் அங்கேதான் இருந்தார்.

"என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

"வெளிச்சம் பத்தலையாம்," என்றாள்.

ஆ ஹோக்கிடம்தான் போய் அழுதாள். அவர் சிரிக்கவில்லை. டயரை உருட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தங்கச்சி, இங்க இருந்து சொன்னா அவன் நம்ப மாட்டான். அங்க போ. அந்த எடத்துல நின்னு போனத் தொற. 'இங்கே இந்தக் கடை இருக்கிறதா?'ன்னு அதுவே கேக்கும். இல்லைன்னு அமுத்து. நீ அங்கதான் நிக்கிறன்னு அதுக்குத் தெரியும் லா, உடனே நம்பிடும். என் மச்சான் கடைக்கு அப்படித்தான் செஞ்சோம்."

"அவர கூட்டிட்டுப் போவட்டுமா?"

ஆ ஹோக் பட்டறைப் பக்கம் பார்த்தார். "வுட்டுட்டுப் போனா, திரும்பி வரப்ப இருப்பாரா?" என்று கேட்டார்.

மறுநாள் காலை பசியாறிவிட்டு இருவரும் வேனில் கிளம்பினார்கள். முன்பக்கம் மூன்று பேர் உட்காரும் ஒரே இருக்கை. இரவெல்லாம் பெய்து அப்போதுதான் விட்டிருந்தது. சாலையைவிட்டு இறங்கியதும் செம்மண் பாதை. இரண்டு பக்கமும் செம்பனை, ஒரே உயரம், ஒரே இடைவெளி, எத்தனை தூரம் போனாலும் நகரவே இல்லையோ என்று தோன்றும் மாதிரி.

"ஏதாவது ஞாபகம் வருதா?" என்று கேட்டாள். அவர் பிறந்து வளர்ந்த இடம்.

"கொசு," என்றார்.

இருவரும் சிரித்தார்கள். சிரிக்கும்போதே கைப்பேசிக்குள்ளிருந்த பெண், சேர வேண்டிய இடம் வந்துவிட்டது என்றாள்.

ஒன்றும் இல்லை. மரம், மட்டை அடுக்கு, தேங்கிய தண்ணீர். ஆனால் இறங்கிப் பார்த்தபோது இரண்டு மரங்களுக்கு நடுவே தரை பெருக்கியதுபோலச் சுத்தமாக இருந்தது. மண் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. ஒரு மரத்தில் ஆணி அடித்து வயர் வளையங்களை மாட்டியிருந்தார்கள். பெரிய வளையம் உள்ளே, சின்னது வெளியே. எல்லாரும் பெரியதை வெளியே மாட்டுவார்கள். இப்படித் தலைகீழாக மாட்டுகிறவர் இந்த ஜில்லாவிலேயே ஒருத்தர்தான்.

தெய்வீகன் கைத்தடியை ஊன்றி நடந்து போய், வெட்டி அடுக்கியிருந்த மட்டைகள்மேல் உட்கார்ந்தார். யாரையோ எதிர்பார்த்து வந்தவர் மாதிரி மரங்களுக்கிடையே பார்த்தபடி இருந்தார். குணசுந்தரி கைப்பேசியைத் திறந்தாள். ஆ ஹோக் சொன்னபடி அது கேட்டது. இங்கே இந்தக் கடை இருக்கிறதா? ஆம். இல்லை.

விரலை வைக்கப் போனாள். ஒரு கார் சத்தம் கேட்டது.

வெள்ளைக் கார், பேனட்டிலிருந்து ஆவி அடித்துக்கொண்டு வந்து அவர்கள் முன்னால் நின்றது. இறங்கியவர் முக்காடு போட்ட நடுவயதுப் பெண், பள்ளி ஆசிரியை. 'சிக்கு', அதாவது டீச்சர், நோராய்னி என்று தன் பெயரைச் சொன்னார். ஒன்பது மணிக்குப் பரீட்சை மேற்பார்வைக்குப் போக வேண்டுமாம், வழியில் வண்டி கொதித்துவிட்டதாம்.

"மேப்புல பாத்து வந்தேன் ஆண்டி. எங்க ஸ்கூல் டிரைவர் இங்கதான் வருவாரு. நல்ல கடைன்னாரு."

இது கடை இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தெய்வீகன், "பேனட்ட தொறக்கச் சொல்லு," என்றார். வேலை சொல்கிற அந்தக் குரலை அவள் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தத்தைக் கேட்டார். "மேல் ஹோஸ் வாய் பிளந்திருக்கு. எஞ்சின அணைச்சிட்டு ஆறவிடு. மூடிய தொடாத, தெறிச்சிடும். இப்ப க்ளிப்ப லூஸ் பண்ணு. பிளந்த நுனிய ரெண்டு விரக்கடை அறுத்துடு. மிச்சம் எட்டும்."

குணசுந்தரி வேனிலிருந்து சாமான்களை எடுத்துவந்தாள். துணியைச் சுற்றிக்கொண்டு ஹோஸைக் கழற்றினாள், அறுத்தாள். குனிந்து க்ளிப்பை மாட்டும்போது ஹோஸ் நழுவியது. "அந்தப் பக்கத்தக் கொஞ்சம் பிடிங்க," என்றாள் நிமிராமலே. ஹோஸ் ஆடாமல் நின்றது. அவள் திருகாணியைத் திருகித் திருகி இறுக்கினாள். தண்ணீரை ஊற்றி மூடியைப் போட்டாள். வண்டி கிளம்பியது, சூடு காட்டுகிற முள் இறங்கியது. ஒரு மாதத்துக்குப் பிறகு பார்த்த முதல் வேலை. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது.

சிக்கு கூலி கொடுத்தார், குணசுந்தரி வாங்கிக்கொண்டாள். கார் கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் சொன்னார்:

"குடுத்து வச்சவங்க ஆண்டி நீங்க. அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே தொழில். உக்காந்திருக்கவருக்கு உடம்பு சரியில்லையா? பாவம். ஹோஸ் பிடிச்சாரே, அவருக்கும் தெரிமா காசி, நன்றி சொல்லிடுங்க. ரெட்டப் பிறவியா? அச்சு அசல் ஒரே முகம்."

கார் போய்விட்டது. குணசுந்தரி மெல்லத் திரும்பினாள். தெய்வீகன் மட்டைகள்மேல், உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"நான் எந்திரிக்கவே இல்ல குணா."

"தெரியும்."

"எந்தப் பக்கம் நின்னான்?"

"எனக்கு வலப்பக்கம்."

"ஆடாமப் பிடிச்சானா?"

"ஆடல."

"ஆட விடமாட்டோம்," என்றார் அவர். சொல்லும்போது முகத்தில் ஓர் ஆசை இருந்தது. குழந்தை பலூனைப் பார்க்கிற ஆசை.

அழிக்க வந்தவளுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. ஏன் அழிக்க வேண்டும்? அவனையும் கூட்டிக்கொண்டு போனால் என்ன? பிள்ளை எங்கேயாவது விழுந்து பயந்துவிட்டால், அம்மாமார் அந்த இடத்துக்கே போய் நின்று, ஒரு சிட்டிகை மண் எடுத்து, பேரைச் சொல்லி மூன்று தரம் வீட்டுக்கு வா என்று கூப்பிடுவார்கள். கூப்பிட்டபின் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். விட்டுப்போனது பின்னாலேயே வந்து உடம்பில் சேர்ந்துகொள்ளும். அவளுக்கே சின்ன வயதில் செய்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாகிவிட்டால் கை வந்துவிடும். ஒரு வருடமாகக் கேட்டது அதைத்தானே.

ஒரே ஒரு சங்கடம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவள் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. ஐந்து பட்டியலிலும் எழுத்துப் பிசகாமல் அடித்திருக்கிறாள், ஆஸ்பத்திரிப் பாரத்தில் எழுதிக் காட்டியிருக்கிறாள். சொன்னதில்லை.

குனிந்து கறுத்த மண்ணைக் கிள்ளி முந்தானையில் முடிந்துகொண்டாள். மரங்களைப் பார்த்து நின்றாள்.

"தெய்வீகன்," என்றாள். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாம் தடவை குரல் வந்தது. மூன்றாம் தடவை செம்பனைக் காடே கேட்கிற மாதிரி கத்தினாள். "தெய்வீகன்! வாங்க, வீட்டுக்குப் போவோம்!"

காதை அடைத்துக்கொண்டு ரத்தம் ஓடியது. வேறு சத்தம் ஒன்றும் அவளுக்குக் கேட்கவில்லை. திரும்பிப் பார்க்காமல் நடந்து போய் வேனில் ஏறி உட்கார்ந்தாள். முன்கண்ணாடியையே பார்த்தபடி இருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கத்துக் கதவு திறந்தது. வேன் ஒரு பக்கம் தணிந்து எழுந்தது. கதவு ஒரே இழுப்பில் சாத்திக்கொண்டது.

கியர் போட்டாள். அவள் கையின்மேல் ஒரு கை வந்து அழுத்தி, கியரைச் சுகமாக உள்ளே தள்ளியது. வலது கை. எண்ணெய்ப் பிசுக்கோடு, வேலை பார்த்த சூட்டோடு இருந்தது. அவளுக்கு அழுகை பீறிட்டது.

"போலாமா?" என்றாள்.

"போலாம் லா. காடி வந்து காத்துகிட்டு நிக்கும்." பழைய குரல், நல்ல கனத்த குரல்.

வேன் நாற்பது அடி போயிருக்கும். பள்ளத்தில் இறங்கி ஏறியபோது பக்கக் கண்ணாடியில் கண் பட்டது. திரும்பிப் பார்க்கத்தான் கூடாது. கண்ணாடியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மட்டை அடுக்கின்மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, போகிற வேனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிடவில்லை. கையை ஆட்டவில்லை. விட்டுவிட்டுப் போவது நியாயம்தான் என்று ஒத்துக்கொண்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். அதை அவளால் தாங்க முடியவில்லை.

பிரேக்கை மிதித்தாள்.

"ஏன் நிறுத்துற?"

"ஒண்ண விட்டுட்டு வந்துட்டேன்."

"எல்லாம் ஏத்தியாச்சே."

அவள் பக்கத்தில் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்று பயந்தாள். கியரின்மேல் அந்தக் கை உறுதியாக இருந்தது. ஒரு வருடம் கோயில் கோயிலாகக் கேட்ட கை. அதன் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி ஓரமாக வைத்தாள். ரிவர்ஸ் போட்டு, வந்த வழியே பின்னால் எடுத்தாள்.

வேன் நின்றபோது பக்கத்து இருக்கை காலியாக இருந்தது.

இறங்கி ஓடினாள். தெய்வீகன் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் லா எறக்கிவிட்ட? நல்ல ஆளாச்சே. கையெல்லாம் நல்லா இருந்துச்சே."

"நல்ல ஆளுக்கு நான் எதுக்கு? அவன் பொழச்சுக்குவான். எந்திரிங்க. மெதுவா. வலது கால முன்னாடி வைங்க."

அவர் முழுப் பாரத்தையும் அவள்மேல் சாய்த்து எழுந்தார். வேனில் ஏற்றிவிட்டாள். கதவை அவரே இடது கையால் இழுத்தார், சரியாகச் சாத்தவில்லை, இன்னொரு தரம் இழுத்தார். அவள் கைப்பேசியை எடுத்தாள். கேள்வி இன்னும் அப்படியே காத்திருந்தது. இல்லை என்பதை அழுத்தினாள். தகவலுக்கு நன்றி என்று வந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து மண்ணை ஜன்னல் வழியே உதறினாள்.

வேன் சாலைக்கு வந்து ஏறியது.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டியே," என்றார் தெய்வீகன்.

"கேட்டுச்சா?"

"மூணு தடவையும் கேட்டுச்சு. மூணு தடவையும் வரேன்னு சொன்னேன் லா. உனக்குத்தான் கேக்கல."

குணசுந்தரி வேனை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தாள். அவர் பக்கம் திரும்பி, காதை அவர் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், இன்னொரு தரம் அந்தப் பேரைச் சொன்னாள்.

"வரேன்," என்றார்.